கரண்ட் திரும்பி வரும் நேரமும் 64 த்ரெட்டும்

கோவை கணபதியில் மொபைல் ஸ்டார்ட்டர் பெட்டி தயாரிக்கும் ஒரு சின்னக் கம்பெனியின் சர்வரைச் சரிபார்த்துக் கொடுக்கும் வேலை வந்தது. அதன் செட்டிங் ஃபைலில் த்ரெட் (ஒரே நிரலுக்குள் ஒரே நேரத்தில் வேலை செய்யும் ஆட்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்) எண்ணிக்கை 64 என்று இருந்தது. ஏன் 64 என்று விசாரித்தேன். ஆரம்பத்தில் 4 இருந்ததாம். பெட்டிகள் கூடக் கூட 8, 16, 32, 64 என்று ஏற்றிக்கொண்டே வந்திருக்கிறார்கள். 128 வைத்துப் பார்த்தபோது டேட்டாபேஸ் "இனி ஆள் சேர்க்க இடமில்லை" என்று கதவைச் சாத்திவிட்டது. போஸ்ட்கிரெஸ் என்ற அந்த டேட்டாபேஸில் மாற்றாமல் விட்டால் மொத்தமே 100 கனெக்ஷன்தான், ஒவ்வொரு த்ரெட்டும் தனக்கென்று ஒன்றைப் பிடித்து வைத்திருந்தது. அதனால் மறுபடி 64. அந்த எண்ணை எப்படி இறக்கினோம், எந்தக் கணக்கில் இறக்கினோம் என்பதைத்தான் இங்கே எழுதி வைக்கிறேன்.

பெட்டியைப் பார்த்திராதவர்களுக்கு இரண்டு வரி. தோட்டத்து மோட்டார் ரூமில் ஸ்டார்ட்டருக்குப் பக்கத்தில் மாட்டுவார்கள், உள்ளே ஒரு சிம் கார்டு இருக்கும். மூன்று ஃபேஸிலும் வோல்டேஜ் எவ்வளவு, மோட்டார் எத்தனை ஆம்பியர் இழுக்கிறது, போரில் தண்ணீர் இல்லாமல் வெறுமனே ஓடுகிறதா என்பதையெல்லாம் நிமிடத்துக்கு ஒருமுறை சர்வருக்குச் சொல்லும். விவசாயி போனில் தட்டினால் சர்வர் வழியாக மோட்டாருக்கு ஆன், ஆஃப் போகும். பொள்ளாச்சி, ஆனைமலை, உடுமலை, பல்லடம், அன்னூர் என்று சுமார் 6,000 பெட்டிகள். ஒவ்வொன்றும் ஒரு டிசிபி இணைப்பைப் பிடித்துக்கொண்டு நாள் முழுக்க இருக்கும். சர்வர் சி++ மொழியில் பூஸ்ட் ஏஸியோ என்ற நெட்வொர்க் நூலகத்தை வைத்து எழுதியது. போஸ்ட்கிரெஸ் பக்கத்தில் வேறொரு மெஷினில் ஓடுகிறது.

சாதாரண நாளில் ஒரு குறையும் இல்லை. துணை மின் நிலையத்தில் மாதாந்திரப் பராமரிப்பு, காலை 9 மணி முதல் மாலை 4 மணி வரை மின்தடை என்று பேப்பரில் போடுவார்களே, அந்த நாள் சாயங்காலம்தான் தொல்லை. கரண்ட் வந்தவுடன் அந்த வட்டாரத்துப் பெட்டிகள் எல்லாம் ஒரே நேரத்தில் எழுந்து சர்வரைக் கூப்பிடும். நான் கம்பெனியில் உட்கார்ந்திருந்தபோதே ஆனைமலையிலிருந்து ஒருவர் போன் செய்தார். "ஏனுங்க தம்பி, கரண்டு வந்து அரை மணி நேரமாச்சுங்க. மோட்டார் ஓடுதா நிக்குதான்னே போன்ல தெரியமாட்டேங்குது. தோப்புக்கு நடந்து போய்த்தான் பாக்கோணுமாட்ட இருக்குது." அந்த நடையை மிச்சம் பிடிக்கத்தான் அவர் பெட்டியே வாங்கினார். அவர் கோபப்படாமல் பேசியதே பெரிய விஷயம்.

முதலில் பேப்பரில் ஒரு கணக்குப் போட்டேன். 6,000 பெட்டிகள், நிமிடத்துக்கு ஒரு செய்தி என்றால் விநாடிக்கு 100 செய்திகள். ஒரு செய்தியைப் பிரித்துப் பார்த்து, அந்தப் பெட்டியின் நிலையை மெமரியில் மாற்றி, பதில் அனுப்ப எங்கள் மெஷினில் கிட்டத்தட்ட 50 மைக்ரோ விநாடி ஆகிறது. நூறு முறை என்றால் 5 மில்லி விநாடி. அதாவது ஒரே ஒரு த்ரெட் விநாடிக்கு 5 மில்லி விநாடி உழைத்து, மீதி 995 மில்லி விநாடி சும்மா இருக்கும். சிபியுவின் ஒரு கோரில் (கணக்குப் போடும் ஒரு பகுதியில்) அரை சதவீதம்கூடத் தாண்டாத வேலை. ஒரே மெஷினில் 10,000 இணைப்புகளைத் தாங்குவது எப்படி என்று டான் கெகல் எழுதியது 1999-இல். எந்த இணைப்பில் செய்தி வந்திருக்கிறது என்று கர்னலிடம் (இயங்குதளத்தின் மையப்பகுதி) கேட்கும் வசதியான ஈபோல் லினக்ஸுக்குள் வந்தது 2002-இல். சும்மா திறந்திருக்கும் இணைப்பு எத்தனை இருந்தாலும், பேசுகிறவர்களை மட்டும் கர்னல் சுட்டிக் காட்டும். ஆகவே இணைப்பு எண்ணிக்கைக்கும் த்ரெட் எண்ணிக்கைக்கும் சம்பந்தம் போய் இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. பெட்டி கூடியதால் த்ரெட்டைக் கூட்டினோம் என்ற காரணம் இங்கே நிற்காது.

கரண்ட் வரும் நேரத்துக்குத் தனிக் கணக்கு. ஒரு துணை மின் நிலையத்தின் கீழ் அதிகபட்சம் 1,500 பெட்டிகள் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றும் டிஎல்எஸ் கைகுலுக்கல் செய்யும், அதாவது இரகசியமாகப் பேச முதலில் சர்வரோடு சாவி ஒத்துக்கொள்ளும். சர்வர் தன்னை நிரூபிக்கும் சான்றிதழ் ஆர்எஸ்ஏ 2048 வகை. ஒரு கைகுலுக்கலுக்கு சர்வர் பக்கம் 2 மில்லி விநாடி என்று தாராளமாகவே பிடித்தாலும் 1,500 பெட்டிக்கு 3 விநாடி. அதுவும் ஒரே த்ரெட்டில். மூன்று விநாடியில் முடிய வேண்டியது அரை மணி நேரம் இழுக்கிறது என்றால் சிபியு பற்றாக்குறை இல்லை, எங்கோ எதற்கோ காத்துக்கொண்டிருக்கிறது.

அடுத்த பராமரிப்பு நாள் வரும்வரை பொறுத்திருந்து, கரண்ட் வந்த நேரத்தில் சர்வரை உள்ளே பார்த்தேன். எது எவ்வளவு சிபியு எடுக்கிறது என்று சொல்லும் டாப் கட்டளையைத் த்ரெட் வாரியாகக் காட்டச் சொன்னால் 64 த்ரெட்டும் தூக்கம். சிபியு பத்து சதவீதம்கூட எட்டவில்லை. லிஸன் சாக்கெட்டின் க்யூ மட்டும் ஏறிக்கொண்டே இருந்தது, அதாவது வாசலில் வந்து நிற்கிற இணைப்பை உள்ளே கூப்பிடக்கூட ஆளில்லை. அப்புறம் ஜிடிபி என்ற பிழை தேடும் கருவியை ஓடுகிற சர்வரில் ஒட்டி எல்லாத் த்ரெட்டின் ஸ்டாக்கையும் (எந்த ஃபங்ஷனுக்குள் நிற்கிறது என்ற அடுக்கு) அச்சிட்டேன். இதைச் செய்தால் சர்வர் ஒரு கணம் நிற்கும், ஏற்கெனவே நின்றுபோன சர்வருக்கு அதனால் நஷ்டம் இல்லை. வந்த பட்டியல் பக்கம் பக்கமாக ஒரே மாதிரி. மேலே கர்னலின் காத்திருப்பு, அதற்குக் கீழே போஸ்ட்கிரெஸ் நூலகத்தின் காத்திருப்பு, அதற்கும் கீழே எங்கள் லாகின் ஃபங்ஷன்.

விஷயம் அங்கேயே தெரிந்துவிட்டது. சர்வர் பெயரளவில்தான் அசிங்க்ரனஸ், அதாவது எதற்கும் காத்து நிற்காமல் அடுத்த வேலைக்குப் போவது. பெட்டி லாகின் ஆகும்போது அந்த ஃபங்ஷன் டேட்டாபேஸிடம் கேள்வி கேட்டுவிட்டு, பதில் வரும்வரை ஈவென்ட் லூப்பின் (எந்த இணைப்பில் வேலை வந்தது என்று பார்த்துச் செய்துகொண்டே இருக்கும் சுற்றின்) த்ரெட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. 64 பேரும் அப்படி நின்றுவிட்டால் ஈபோலைப் பார்க்க யாரும் இல்லை. கரண்டே போகாத அன்னூர்ப் பெட்டிகளின் செய்திகளும் அதே வாசலில் மாட்டிக்கொள்கின்றன. ஆட்களைக் கூட்டக் கூட, எல்லோரும் ஒரே நேரத்தில் நின்றுபோகும் நாள் கொஞ்சம் தள்ளிப் போனது. 4, 8, 16 என்று எண் வளர்ந்த கதை அவ்வளவுதான்.

சரி, டேட்டாபேஸ் ஏன் அவ்வளவு நேரம் எடுக்கிறது? போஸ்ட்கிரெஸின் நடப்புப் பட்டியலைப் பார்த்தால் ஏறத்தாழ எல்லாக் கனெக்ஷனும் காத்திருப்பு வகை "லாக்", அதாவது பூட்டு, என்று காட்டியது. எல்லோரும் ஒரே அட்டவணையின் ஒரே வரிக்காக நிற்கிறார்கள். ஒவ்வொரு வட்டாரத்துக்கும் "இப்போது ஆன்லைனில் எத்தனை பெட்டி" என்று ஒரு எண்ணை ஒரு வரியில் வைத்திருந்தார்கள். லாகின் ஆகும் ஒவ்வொரு பெட்டியும் அதில் ஒன்றைக் கூட்டும். அந்த வரியைத் தொட்டவர் கமிட் (மாற்றத்தை உறுதி செய்வது) முடியும்வரை பூட்டை விடமாட்டார். கமிட் என்றால் டிஸ்க்கில் எழுதி முடிய வேண்டும், அந்த டிஸ்க்கில் அதற்கு சுமார் 20 மில்லி விநாடி. பலர் ஒரே நேரத்தில் கமிட் செய்தால் போஸ்ட்கிரெஸ் சேர்த்து எழுதி நேரத்தை மிச்சப்படுத்தும். ஆனால் இங்கே பூட்டு கமிட்டுக்குப் பிறகுதான் கைமாறும், அதனால் அந்த வசதியும் கிடைக்காது. ஒருவர் பின் ஒருவராகத்தான் போயாக வேண்டும்.

1,500 பெட்டி, ஆளுக்கு 20 மில்லி விநாடி, மொத்தம் 30 விநாடி. பெட்டியோ லாகினுக்குப் பதில் வர 30 விநாடி மட்டும் பொறுக்கும், வராவிட்டால் அறுத்துக்கொண்டு மறுபடி கூப்பிடும். பழைய வேலையை சர்வர் கைவிடுவதில்லை, அறுந்துபோன பெட்டிக்கும் சேர்த்து எண்ணைக் கூட்டிக்கொண்டிருக்கும். புதிய லாகின் அதன் பின்னால் நிற்கும். இப்படியே சுற்றும். அரை மணி நேரம் எங்கிருந்து வந்தது என்பதற்கு இதுதான் பதில்.

ஒரு சூத்திரத்தைப் பற்றி இங்கே சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் பலர் அதை அப்படியே எடுத்துப் போடுகிறார்கள். கோர்களின் எண்ணிக்கையை, ஒன்றோடு காத்திருப்பு நேரத்துக்கும் கணக்கு நேரத்துக்கும் உள்ள விகிதத்தைக் கூட்டிப் பெருக்கினால் த்ரெட் எண்ணிக்கை கிடைக்கும் என்பார்கள். எங்கள் எண்களைப் போட்டுப் பாருங்கள்: காத்திருப்பு 20 மில்லி விநாடி, கணக்கு 0.05 மில்லி விநாடி, விகிதம் 400. சர்வருக்கு ஒதுக்கியிருந்த இரண்டு கோருக்கு 802 த்ரெட்! சூத்திரம் தப்பில்லை. யாருக்காகக் காத்திருக்கிறோமோ அந்த இடம் எத்தனை பேர் வந்தாலும் தாங்கும் என்று அது வைத்துக்கொள்கிறது. இங்கே அந்த இடம் ஒரு நேரத்தில் ஒருவருக்கு மட்டும். போரில் ஊறுகிற தண்ணீர் அவ்வளவுதான் என்று தெரிந்த பிறகு மோட்டாரை 5 ஹெச்பியிலிருந்து 15 ஆக்கினால் தண்ணீர் கூடுமா?

ஆக, வேலையை இரண்டாகப் பிரித்தோம். சாக்கெட்டைப் பார்க்கிற த்ரெட்டுகள் ஒரு கூட்டம், எதற்காகவாவது காத்து நிற்க வேண்டிய வேலைகளைச் செய்யும் த்ரெட்டுகள் இன்னொரு கூட்டம். இரண்டுக்கும் எண்ணிக்கை வேறு, எண்ணுவதற்கான காரணமும் வேறு. நம்மிடம் உள்ள பெரிய மென்பொருள்களும் இப்படித்தான் பிரித்து வைத்திருக்கின்றன. ரஸ்ட் உலகின் டோக்கியோ, லூப் பக்கம் கோருக்கு ஒரு த்ரெட் எடுத்துக்கொள்ளும், காத்து நிற்கும் வேலைக்கு 512 வரை போகும். நோடில் ஜாவாஸ்கிரிப்ட் ஓடுவது ஒரு த்ரெட்டில், ஃபைல் படிப்பது போன்றவற்றுக்கு லிப்யூவி தனியாக 4 வைத்திருக்கிறது. என்ஜின்எக்ஸ் வெப் சர்வரில் "ஆட்டோ" என்று போட்டால் கோருக்கு ஒரு வொர்க்கர், ஜாவாவின் நெட்டியில் கோருக்கு இரண்டு. இவற்றில் ஏதோ ஒரு எண்ணை எடுத்து வேறொரு கூட்டத்துக்குப் போட்டால் குழப்பம்தான் மிஞ்சும்.

காத்திருக்கும் கூட்டத்தை முதலில் முடித்தோம். எண்ணிக்கை வரியை டேட்டாபேஸிலிருந்து தூக்கிவிட்டோம், யார் ஆன்லைன் என்பது சர்வரின் மெமரியிலேயே இருக்கிறது. பெட்டி எண்களின் பட்டியலை சர்வர் தொடங்கும்போதே ஏற்றிக்கொள்கிறது, லாகினுக்கு டேட்டாபேஸ் பக்கமே போவதில்லை. "கரண்ட் வந்தது", "மோட்டார் நின்றது" போன்ற நிகழ்வுகள் ஒரு க்யூவில் சேரும், 200 சேர்ந்ததும் அல்லது 100 மில்லி விநாடி ஆனதும் ஒரே கமிட்டாக எழுதப்படும். 1,500 கமிட் சில பத்துகளுக்குள் சுருங்கிவிட்டது.

மீதி வேலைக்கு எத்தனை த்ரெட்? ஜான் லிட்டில் 1961-இல் நிரூபித்த விதி ஒன்று போதும்: விநாடிக்கு வரும் வேலையை, ஒரு வேலை பிடிக்கும் நேரத்தால் பெருக்கினால் சராசரியாக எத்தனை வேலை கையில் இருக்கும் என்று தெரியும். விநாடிக்கு 100, ஒவ்வொன்றும் 5 மில்லி விநாடி என்றால் 0.5. சராசரியாக அரை ஆளுக்குத்தான் வேலை! இரண்டு போதும். யாராவது ஒரு வருட மின்சாரப் பயன்பாட்டு அறிக்கையைக் கேட்டு ஒரு கனெக்ஷனை நீண்ட நேரம் பிடித்துக்கொண்டால் மற்றவை நகர வேண்டும் என்பதற்காக 4 வைத்தேன்.

க்யூவுக்கு எல்லை வைத்தே தீர வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருந்தேன். எல்லை இல்லாத க்யூ, தாமதத்தை மெமரிக்குள் ஒளித்து வைக்கும். 2,000-க்கு மேல் போனால் பழைய நிமிடச் செய்திகளைக் கைவிடச் சொன்னேன். ஒரு பெட்டியின் போன நிமிட வோல்டேஜ் இந்த நிமிடம் யாருக்கும் வேண்டாம். ஆன், ஆஃப் கட்டளையும் கோளாறு எச்சரிக்கையும் மட்டும் எந்த நிலையிலும் கைவிடப்படாது.

அடுத்து, சாக்கெட்டைப் பார்க்கிற லூப் கூட்டம். "அறுபத்துநாலைக் குறைச்சாத் தாங்குமுங்களா தம்பி?" என்று கம்பெனிக்காரர் கேட்டார். "ஒண்ணே தாங்குமுங்கண்ணா, எத்தனை வெச்சா நல்லதுன்னு ஓட்டிப் பாத்துச் சொல்றேன்" என்றேன்.

ஓட்டிப் பார்க்க இன்னொரு மெஷினில் போலிப் பெட்டி நிரல் ஒன்று எழுதினோம். 4,500 பெட்டிகள் அமைதியாக நிமிடத்துக்கொரு செய்தி அனுப்பிக்கொண்டிருக்க, 1,500 பெட்டிகள் ஒரே நேரத்தில் வந்து விழும். இதைச் செய்யப் போகிறவர்கள் திறந்த ஃபைல்களின் வரம்பு 1,024-இலேயே இருக்கிறதா என்று இரு பக்கமும் பாருங்கள். லிஸன் க்யூவின் அளவையும் பாருங்கள்: லினக்ஸ் 5.4-க்கு முந்தைய கர்னலில் அதன் உச்சவரம்பு 128-ஆகத்தான் இருக்கும், பிறகு 4,096 ஆக்கினார்கள். நிரலிலேயே குறைவாகக் கேட்டிருந்தால் அந்தக் குறைவுதான் செல்லும்.

அளந்தது இரண்டே விஷயம். கடைசிப் பெட்டி லாகின் ஆக எவ்வளவு நேரம்? அந்த நேரத்தில் லூப் எவ்வளவு பின்தங்குகிறது? இரண்டாவதற்கு ஒவ்வொரு லூப்பிலும் 100 மில்லி விநாடிக்கு ஒருமுறை அடிக்கும் டைமர் ஒன்று வைத்து, சொன்ன நேரத்தைவிட எத்தனை தாமதமாக அடிக்கிறது என்று எழுத வைத்தேன். பத்து வரி நிரல்தான். சிபியு வரைபடம், மெமரி வரைபடம் எல்லாவற்றையும்விட இது நேர்மையாகப் பேசும். யாராவது தெரியாமல் லூப்புக்குள் காத்து நிற்கும் வேலையை வைத்துவிட்டால் அன்றைக்கே காட்டிக்கொடுக்கும்.

ஒரு லூப்பில் எல்லாம் மூன்று விநாடி அளவில் முடிந்தது, பேப்பர் கணக்கை ஒட்டியே வந்தது. இரண்டில் ஏறத்தாழப் பாதி. நான்கு வைத்தால் இன்னும் பாதியாகும் என்று கம்பெனிப் பையன்கள் எதிர்பார்த்தார்கள். நேரம் குறையவில்லை, டைமர் மட்டும் 50 மில்லி விநாடி 50 மில்லி விநாடியாகத் துள்ள ஆரம்பித்தது.

மெஷினுக்கு 4 கோர். ஆனால் சர்வர் ஓடுவது டாக்கர் கண்டெய்னருக்குள் (நிரலைத் தனியாக அடைத்து ஓட்டும் கூடு), அதற்கு 2 சிபியு என்று வரம்பு வைத்திருந்தார்கள். எத்தனை கோர் என்று நிரல் கேட்டால் 4 என்றே பதில் வரும், வரம்பு அந்தக் கேள்விக்குத் தெரியாது. வரம்பு எப்படி வேலை செய்கிறது என்றால், ஒவ்வொரு 100 மில்லி விநாடிக்கும் 200 மில்லி விநாடி சிபியு நேரம் ஒதுக்கீடு. நான்கு த்ரெட் முழுமூச்சில் ஓடினால் 50 மில்லி விநாடியில் ஒதுக்கீடு தீர்ந்துவிடும். மீதி 50 மில்லி விநாடிக்கு நான்கையும் கர்னல் கட்டிப்போடும். டைமரில் பார்த்த துள்ளல் அதுதான். சந்தேகம் இருந்தால் இந்த வரம்பை நடத்தும் கர்னல் வசதியான சிகுரூப்பின் சிபியு புள்ளிவிவர ஃபைலில் எத்தனை முறை கட்டிப்போடப்பட்டது என்ற எண் இருக்கிறது, ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் பார்த்தால் ஏறியிருப்பது தெரியும். எட்டு த்ரெட்டில் இன்னும் மோசம்.

வரம்பை 3 ஆக்கினோம், லூப்பை 2-இல் நிறுத்தினோம். மிச்சம் ஒரு பங்கு டேட்டாபேஸ் த்ரெட்டுகளுக்கும் பதிவேடு எழுதும் த்ரெட்டுக்கும். கண்டெய்னருக்கு வெளியே மிஞ்சும் நாலாவது கோரில் விவசாயிகளின் ஆப்புக்கான வெப் சர்வர் ஓடுகிறது, நெட்வொர்க் பாக்கெட்டுகளைக் கையாள கர்னலுக்கும் இடம் வேண்டும். கிளவுடில் 4 கோர் என்று விற்பது பெரும்பாலும் இரண்டு நிஜக் கோரின் நான்கு பக்கங்கள், கைகுலுக்கல் போன்ற கனமான கணக்கில் நான்கு மடங்கு கிடைக்காது என்பதையும் நினைவில் வைத்திருந்தேன்.

இரண்டு லூப் என்று முடிவான பின் வடிவத்தைப் பற்றி ஒரு விவாதம். ஏஸியோவில் லூப்பை நடத்தும் பொருளுக்கு ஐஓ கான்டெக்ஸ்ட் என்று பெயர், அதில் ஒன்றையே இரண்டு த்ரெட் சேர்ந்து ஓட்டலாம், அல்லது ஆளுக்கொன்று கொடுக்கலாம். சேர்ந்து ஓட்டினால் ஒரே பெட்டியின் வேலை இந்த முறை இங்கே, அடுத்த முறை அங்கே ஓடும், ஒவ்வொரு இணைப்புக்கும் ஸ்ட்ராண்ட் (வேலைகளை ஒன்றன்பின் ஒன்றாக ஓட வைக்கும் வரிசை) கட்ட வேண்டும். நான் ஆளுக்கொன்று பக்கம். பெட்டி எந்த லூப்பில் விழுந்ததோ அறுந்துபோகும்வரை அங்கேயே இருக்கும், அதன் விவரங்களுக்குப் பூட்டு தேவையில்லை. பெட்டி எண்ணிலிருந்து லூப்பைத் தேடும் அட்டவணைக்கு மட்டும் ஒரு பூட்டு, அதைத் தொடுவது லாகினிலும் போனிலிருந்து கட்டளை வரும்போதும்தான்.

மாற்றிய பிறகு டாப்பில் எண்ணிப் பார்த்தவர்கள் நாம் வைத்ததைவிடக் கூடுதலாகத் த்ரெட் இருக்கிறதே என்று கேட்டார்கள். எஸ்எம்எஸ் அனுப்பும் சேவையின் பெயரை ஐபி முகவரியாக மாற்ற ஏஸியோ உள்ளுக்குள் ஒரு த்ரெட் எடுத்துக்கொள்கிறது, ஐஓ கான்டெக்ஸ்ட்டுக்கு ஒன்று. லினக்ஸில் ஏஸியோ பயன்படுத்தும் பெயர் தேடல் காத்து நிற்கும் வகை, அதனால்தான். ஒரு தேடல் தாமதமானால் அதே கான்டெக்ஸ்ட்டின் அடுத்த தேடல் பின்னால் நிற்கும், ஆகவே எஸ்எம்எஸ் சேவையோடு ஒரே இணைப்பைத் திறந்து வைத்துக்கொள்கிறோம்.

பராமரிப்பு நாள் வந்தது. பொள்ளாச்சிப் பக்கம் நாலரை மணி வாக்கில் கரண்ட் வந்தது. லாகின்கள் சில விநாடிகளில் முடிந்தன. நிஜப் பெட்டிகள் போலிப் பெட்டிகளைவிடச் சற்று சிதறியே வந்தன, ஒவ்வொரு சிம்மும் டவரைப் பிடிக்க ஆகும் நேரம் வேறு வேறு. லிஸன் க்யூ ஏறி இறங்கியது, லூப் டைமர் கொஞ்சம் தள்ளாடி நின்றது, அன்னூர்ப் பெட்டிகளில் ஒன்றுகூட அறுபடவில்லை.

பெட்டிக்குள் செய்ய வேண்டியதும் ஒன்று இருக்கிறது. கரண்ட் வந்தவுடன் எல்லா மோட்டாரும் ஒரே நேரத்தில் ஓடி டிரான்ஸ்ஃபார்மரைத் தள்ளிவிடக் கூடாது என்று ஆட்டோ ஸ்டார்ட்டரில் டிலே டைமர் வைக்கிறார்கள். அதே பெட்டியின் சிம்முக்கு அந்த டிலே இல்லை! 0 முதல் 60 விநாடிக்குள் ஏதோ ஒரு நேரம் பொறுத்து, அப்புறம் கூப்பிடச் சொல்லி அடுத்த லாட் பெட்டிகளில் எழுதியிருக்கிறோம். இணைப்பு தோற்றால் ஒவ்வொரு முறையும் இடைவெளியை இரட்டிப்பாக்கும். தோட்டங்களில் ஏற்கெனவே மாட்டியிருப்பவற்றை ஒவ்வொன்றாகக் கழற்றி மாற்ற முடியாது, அதனால் சர்வர் பழைய பழக்கத்தையும் தாங்கித்தான் ஆக வேண்டும்.

பெட்டிகள் 20,000 ஆனால் என்ன செய்வது என்று கம்பெனிக்காரர் கேட்டிருக்கிறார். விநாடிக்கு 333 செய்திகள், 17 மில்லி விநாடி வேலை, அதற்கு இன்னமும் ஒரு லூப்பே அதிகம். ஒரு வட்டாரத்தில் 5,000 பெட்டி ஒன்றாக எழுந்தால் கைகுலுக்கலுக்கு 10 விநாடி சிபியு, இரண்டு லூப்பில் 5 விநாடி. அதைக் குறைக்க த்ரெட்டைத் தொடப்போவதில்லை. சான்றிதழை ஆர்எஸ்ஏவிலிருந்து பி-256 வளைகோட்டுக்கு மாற்றினால் சர்வர் போடும் கையெழுத்தின் செலவு பல மடங்கு இறங்கும், ஓபன்எஸ்எஸ்எல்லின் ஸ்பீட் சோதனையை உங்கள் மெஷினில் ஓட்டிப் பார்த்தாலே வித்தியாசம் தெரியும். பழைய பெட்டிகளில் உள்ள சிம் மாட்யூல் அந்த வகைச் சான்றிதழை ஏற்கிறதா என்று ஒவ்வொரு மாடலாகச் சோதித்துக்கொண்டிருக்கிறோம்.